'ரேடியோ நெல்': காவிரிப் படுகையில் நெல் ஆய்வும் வானொலியும், 1960–1973

முன்னுரை

ஒரு பயிர் இரகத்திற்குப் பெயர் சூட்டும் உரிமை பொதுவாக அதனை உருவாக்கிய ஆய்வு நிலையத்திற்கே உரியது. நிலையத்தின் பெயர்ச்சுருக்கமும் ஓர் எண்ணும் சேர்ந்து பெயராகிவிடும். உழவர்கள் அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்வதும் உண்டு. நெல்லின் நிறத்தையோ பருமனையோ வைத்துத் தமக்குரிய பெயரொன்றை வழங்குவதும் உண்டு. 1964ஆம் ஆண்டு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.டி.டி. 27 என்னும் இரகத்திற்கு ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்ட உழவர்கள் வழங்கிய பெயர் இவ்விரு வகையிலும் அடங்காதது. அவர்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றனர். நெல்லின் நிறமோ அதனை வளர்த்தெடுத்த ஊரோ பெயராகவில்லை. அந்நெல்லைப் பற்றிய செய்தி எவ்வழியே வந்ததோ அவ்வழியே அதன் பெயராயிற்று.

இந்திய ஒலிபரப்பு வரலாற்றை எழுதியோர் இப்பெயரை வானொலியின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவர். பசுமைப் புரட்சியின் வரலாற்றை எழுதியோர் ஏ.டி.டி. 27ஐ இனக்கலப்பு ஆய்வின் வெற்றியாகவோ, தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தின் வெற்றியாகவோ கொள்வர். இருசாராரும் தத்தம் துறையின் பங்கையே கணக்கிட்டுள்ளனர். ஆய்வாளருக்கும் செய்தி ஊடகத்திற்கும் இடையே அமைந்த உறவு எத்தகையது, அது எதனைக் கொண்டுசேர்த்தது, எதனைக் கொண்டுசேர்க்கவில்லை என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. இரண்டாவது வினாவைத் தவிர்த்துவிட்டு முதல் வினாவுக்கு மட்டும் விடை காண்பது தஞ்சையைப் பொறுத்தவரை நேர்மையான வரலாறாகாது. ரேடியோ நெல் வயல்களில் பரவிய அதே ஆண்டுகளில், அதே மாவட்டத்தில்தான் கீழ்வெண்மணி நிகழ்ந்தது.

ஆடுதுறையிலிருந்து புறப்பட்ட விதை

கும்பகோணத்தை அடுத்த ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கோயம்புத்தூரில் 1912இல் நிறுவப்பட்ட நெல் இனவிருத்தி நிலையத்திற்குப் பின், காவிரிப் பாசனப் பகுதிக்கென்றே அமைந்த நிலையம் அது. தொடக்கக் கால ஆய்வுகள் பெரும்பாலும் தேர்வு முறையைச் சார்ந்திருந்தன. நாட்டு இரகங்களிலிருந்து தூய வரிசைகளைப் பிரித்தெடுத்து, குறுவைக்கு எது, சம்பாவுக்கு எது, தாளடிக்கு எது என வகுப்பதே அன்றைய பணி. மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்ற பின் நீர்திறப்புக்கு ஜூன் 12 என்னும் நாள் வழக்கமாயிற்று. அதன்பின் படுகையின் வேளாண்மை முழுவதுமே ஒரு நாட்காட்டிக்குள் வந்துவிட்டது. ஜூனில் நாற்றுவிட்டு, செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ அறுத்து, வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் தாளடி நடவை முடித்தாக வேண்டும். எனவே இப்பகுதியில் ஒரு நெல்லின் தகுதி அதன் விளைச்சலால் மட்டும் அளக்கப்படுவதில்லை; அது எத்தனை நாளில் விளைகிறது என்பதே முதற்கேள்வி.

ஏ.டி.டி. 27இன் பிறப்பு ஆடுதுறைக்கு வெளியே தொடங்குகிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1950களின் தொடக்கத்தில் கட்டக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாகக் கொண்டு இண்டிகா–ஜப்பானிகா கலப்புத் திட்டத்தை நடத்தியது. வெப்பமண்டல இண்டிகா நெல்வகைகள் தழைச்சத்து மிகுந்தால் உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும். உரத்தை ஏற்று மணியாக மாற்றும் ஜப்பானிய வகைகளின் பண்பை அவற்றுக்குள் கொண்டுவருவதே திட்டத்தின் நோக்கம். ஆண்டுக்கணக்கில் நடந்த அப்பெரும் முயற்சியில் வயலுக்கு வந்துசேர்ந்த இரகங்கள் மிகச் சில. இந்தியாவில் ஏ.டி.டி. 27, மலேசியாவில் மாலிஞ்சா, மாசூரி ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஏ.டி.டி. 27இன் பெற்றோருள் ஒன்று ஜப்பானின் நோரின் 10. மற்றொன்று கோயம்புத்தூரில் 'கோணமணி' நெல்லிலிருந்து 1921இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜி.இ.பி. 24. இங்கே ஒரு பெயர்க்குழப்பத்தைச் சுட்டுதல் வேண்டும். குட்டைக் கோதுமைகளின் மூதாதையாகப் புகழ்பெற்ற நோரின் 10 என்பது கோதுமை. ஆடுதுறைக்கு வந்தது அதே பெயர்வரிசையைச் சேர்ந்த நெல். வேளாண் வரலாறு பற்றிய எழுத்துகளில் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் பிழை நேர வாய்ப்புண்டு.

சுமார் 105 நாளில் விளையும் ஏ.டி.டி. 27 குறுவைக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. ஐ.ஆர். 8 பிலிப்பைன்ஸிலிருந்து 1966இல் வெளிவருவதற்கு முன்பே தஞ்சை உழவர்கள் உரமேற்கும் நெல்லொன்றைப் பயிரிடத் தொடங்கிவிட்டனர் என்பது கருதத்தக்கது. உலக வரலாறுகளில் ஐ.ஆர். 8க்குக் கிடைத்த இடம் ஏ.டி.டி. 27க்குக் கிடைக்கவில்லை. அதற்கும் செய்தி ஊடகத்தில் ஒரு காரணம் உண்டு. முன்னது 'அற்புத நெல்' என்று ஆங்கிலப் பத்திரிகைகளால் உலகெங்கும் அறிமுகம் செய்யப்பட்டது. பின்னது திருச்சிராப்பள்ளி வானொலியின் எல்லைக்குள் தமிழில் மட்டும் பேசப்பட்டது.

வானொலி நிலையமும் திட்ட மாவட்டமும்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16 அன்று தொடங்கப்பட்டது. சென்னைக்கு அடுத்துத் தமிழ் ஒலிபரப்புக்கென அமைந்த இந்நிலையத்தின் ஒலி காவிரிப் படுகை முழுவதையும் எட்டியது. கிராமங்களுக்கான நிகழ்ச்சிகள் தொடக்கம் முதலே இருந்தன எனினும், கேட்போர் தொகை வானொலிப் பெட்டி வைத்திருக்கும் வசதியுடையோரைச் சார்ந்தே இருந்தது. ஊராட்சிகளுக்கு அரசு வழங்கிய சமுதாய வானொலிப் பெட்டிகள் இந்நிலையை ஓரளவு மாற்றின. மாலை வேளையில் ஊராட்சி அலுவலகத் திண்ணையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வழியே செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் கேட்பது 1950களின் இறுதியில் கிராம வாழ்வின் பகுதியாகிவிட்டிருந்தது. டிரான்சிஸ்டர் பெட்டிகள் அதன்பின் வந்தன, வரப்புவரை சென்றன.

புனேயைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 ஊர்களில் 1956ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆதரவுடன் வானொலிக் கிராமமன்றச் சோதனை நடத்தப்பட்டது. நிகழ்ச்சியைக் கூடிக் கேட்டல், கேட்டதை விவாதித்தல், விவாதித்ததைச் செயற்படுத்தல் என்பது அதன் முறை. பால் நியூராத் அதனை மதிப்பீடு செய்தார். கூடிப் பேசாத ஊர்களைவிடக் கூடிப் பேசிய ஊர்களில் அறிவு வளர்ச்சி தெளிவாக மிகுந்திருந்தது என்பது அவர் கண்ட முடிவு. 1959 முதல் இம்மன்றங்கள் நாடெங்கும் விரிவாக்கப்பட்டன. விரிவாக்கத்தில் எண்ணிக்கை பெருகியது, விவாதம் குறைந்தது. இந்திய வளர்ச்சித் திட்டங்கள் பலவற்றின் கதை இதுவே.

தஞ்சையில் வேறொரு சூழல் அமைந்திருந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. மேற்குக் கோதாவரி, ஷாஹாபாத், ராய்ப்பூர், அலிகார், லூதியானா, பாலி ஆகியன ஏனையவை. விதை, உரம், பயிர்ப்பாதுகாப்பு, கடன், தொழில்நுட்ப ஆலோசனை ஆகிய அனைத்தையும் ஒருசேர வழங்குதல் என்பதால் இது 'பேக்கேஜ் திட்டம்' என்றே வழங்கப்பட்டது. ஏ.டி.டி. 27 வெளியானபோது, அதற்குரிய உரம் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தது. கடனும் அங்கேயே கிடைத்தது. கிராம சேவகர் ஊரில் இருந்தார். விதைப்பெருக்கத்திற்கு அரசு விதைப்பண்ணைகள் இருந்தன. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தோற்றுவிக்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலேயே திறக்கப்பட்டது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் வறட்சியும் அரிசித் தட்டுப்பாடும் மாநில அரசியலையே புரட்டிப்போட்ட வேளை அது. நெல் விளைச்சல் என்பது வேளாண் துறையின் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. முதற்பக்கச் செய்தியாக இருந்தது.

இச்சூழலில் 1966ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி பத்து நிலையங்களில் 'பண்ணை இல்லப் பிரிவு'களை அமைத்தது. உயர்விளைச்சல் திட்டப் பகுதிகளை ஒட்டித் தேர்ந்தெடுக்கப்பட்ட அப்பத்தனுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இப்பிரிவுகளின் அமைப்பு கவனத்திற்குரியது. பொறுப்பாளரான பண்ணை வானொலி அலுவலர் வேளாண் கல்வி பெற்றவர். அவருக்குத் துணையாகச் செய்தி திரட்டுவோரும் எழுத்தாளரும் பணியமர்த்தப்பட்டனர். ஆய்வு நிலையத்தின் அறிக்கையைப் படித்துப் பொருள்கொள்ளத் தெரிந்த ஒருவர் செய்தி ஊடகத்தின் உள்ளேயே அமர்ந்திருந்தார் என்பதே இதன் உட்பொருள். ஆய்வாளர் ஊடகவியலாளராக மாற வேண்டியிருக்கவில்லை. ஊடகவியலாளர் ஆய்வாளரின் சொல்லை ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. ஏ.டி.டி. 27 பற்றிய ஒலிபரப்புகளின் துல்லியத்திற்கு இந்த இடைநிலை மனிதரே முதற்காரணம் எனக் கொள்வதில் தவறில்லை.

அளவைகளின் மொழிபெயர்ப்பு

ஆய்வு நிலையத்தின் மொழிக்கும் வயலின் மொழிக்கும் உள்ள தொலைவு சொற்களில் மட்டும் இல்லை, அளவைகளிலும் இருந்தது. நிலையத்தின் சோதனைத் திடல்கள் ஏக்கருக்கு இத்தனை இராத்தல் எனக் கணக்கிட்டன. தஞ்சை உழவர் நிலத்தை மாவாகவும் வேலியாகவும் நெல்லைக் கலமாகவும் எண்ணினர். இருபது மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய ஏக்கரில் மூன்றிலொரு பங்கு. ஏக்கருக்கு இத்தனை இராத்தல் தழைச்சத்து என்னும் பரிந்துரையை மாவுக்கு எவ்வளவு அமோனியம் சல்பேட் என்று மாற்றாமல் எவரும் வயலில் இட இயலாது. இம்மாற்றம் எளிய கணக்குதான். ஆயினும் அதனை யார் செய்வது என்பது எளிய வினா அன்று. ஆய்வாளர் அதைச் செய்யாவிட்டால் உரக்கடைக்காரர் செய்துவிடுவார்.

காலத்தைப் பற்றிய மொழிபெயர்ப்பு இதனினும் முதன்மையானது. ஆய்வறிக்கை முடிவில் தொடங்கி வழிமுறைக்குச் செல்வதில்லை. செய்தியோ முடிவிலேயே தொடங்குகிறது. வேளாண் ஒலிபரப்பு இவ்விரண்டையும் பின்பற்ற இயலாது. நாற்றங்கால் தயாரிக்கும் வாரத்தில் நாற்றங்காலையும், நடவு வாரத்தில் நடவு இடைவெளியையும், மேலுரம் இடும் நாளில் மேலுரத்தையும் பேசியாக வேண்டும். மேட்டூரில் நீர்திறக்கும் நாள் தெரிந்தவுடன் குறுவைக்கான பேச்சுகளின் வரிசையும் முடிவாகிவிடும். ஓர் உரையில் ஒரு செய்தி மட்டுமே. நெல் ஆய்வில் ஈடுபட்டோர்க்கு இது இழப்பாகத் தோன்றியிருக்கக்கூடும்; பல்லாண்டு உழைப்பின் விளைவு பத்து நிமிடப் பேச்சில் ஒரு பரிந்துரையாகச் சுருங்குகிறது. எனினும் நாள்கணக்கில் வாழும் குறுவைக்கு நாள்கணக்கில் பேசும் ஊடகமே பொருந்தியது. அச்சிதழ்கள் இதனைச் செய்திருக்க இயலாது. வேளாண் துறையின் 'மேழிச் செல்வம்' போன்ற மாத இதழ் உழவரின் கைக்கு வருமுன் நாற்று முற்றிவிடும். படிக்கத் தெரிந்தோர் தொகையும் அன்று குறைவு.

உழவரின் குரலை ஒலிபரப்பியது மற்றொரு கூறு. சென்ற பருவத்தில் புது நெல்லைப் பயிரிட்டவர் தம் வயலில் நின்று பேசுவதைப் பதிவுசெய்து ஒலிபரப்பும் முறை பண்ணை இல்லப் பிரிவுகளின் பொது நடைமுறை. அறிவியலாளரின் உரைக்கு உள்ள அதிகாரம் வேறு. பாபநாசத்திலோ மன்னார்குடியிலோ பேசப்படும் வட்டார வழக்கில் ஒருவர் தம் கண்டுமுதலைச் சொல்லும்போது கிடைக்கும் நம்பிக்கை வேறு. கடிதங்களுக்கு விடையளிக்கும் நிகழ்ச்சியும் இவ்வகையில் பயன்பட்டது.

வானொலியின் பங்கு எவ்வளவு?

சில ஆண்டுகளுக்குள் குறுவைப் பரப்பின் பெரும்பகுதியில் ஏ.டி.டி. 27 இடம்பிடித்தது. இதனை வானொலியின் விளைவு என்று முழுமையாகக் கூற இயலுமா? எவரெட் ரோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட நூலில், புதுமையொன்றை அறிந்துகொள்ளுதல், அதனை ஏற்பதென முடிவு செய்தல் ஆகிய இரண்டும் வெவ்வேறு படிகள் என்றும், ஊடகம் முதற்படியிலும் அண்டை அயலார் இரண்டாம் படியிலும் வலுப்பெறுகின்றனர் என்றும் வகுத்தார். அயோவாவில் கலப்பினச் சோளம் பரவிய விதத்தை ஆராய்ந்த ரயனும் கிராஸும் 1943இலேயே இதற்கு அடிப்படையிட்டனர். உழவர்கள் விதை விற்பனையாளரிடமிருந்து கேள்வியுற்றனர்; ஆனால் பக்கத்து வயல்காரரைப் பார்த்தே நம்பினர்.

தஞ்சையிலும் இதுவே நிகழ்ந்தது எனலாம். வானொலி கூறியதைக் கிராம சேவகரும் கூறினார். கிராம சேவகர் கூறியது செயல்விளக்கத் திடலில் கண்ணுக்குத் தெரிந்தது. திடலில் கண்டது கூட்டுறவுச் சங்கத்தில் விதையாகக் கிடைத்தது. இச்சங்கிலியின் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்திருந்தால் 'ரேடியோ நெல்' என்னும் பெயர் பாராட்டாக இராமல் கேலியாக மாறியிருக்கும். கேட்டது கிடைக்காத ஊரில் ஊடகத்தின் மதிப்பு முதலில் சரியும். ஆய்வாளரின் மதிப்பு அதன் பின்னே சரியும். வில்பர் ஸ்கிராம் வளர்ச்சிக்கு ஊடகம் என்னும் கருத்தை உலகளவில் முன்வைத்த நூலும் ஏ.டி.டி. 27 வெளியான அதே 1964இல்தான் வெளிவந்தது. அந்நூலைப் படித்துத் தஞ்சையை விளக்குவது எளிது. தஞ்சையைக் கண்டபின் அந்நூலைப் படித்தால், ஊடகத்தின் பின்னே நிற்க வேண்டிய கிடங்குகளுக்கும் கடன் சங்கங்களுக்கும் அது அளிக்கும் இடம் போதாது என்பது விளங்கும்.

களத்தில் நனைந்த நெல்

ஒலிபரப்பு வரலாறுகள் பெரும்பாலும் ஏ.டி.டி. 27இன் பரவலோடு நின்றுவிடுகின்றன. அறுவடையில் நிகழ்ந்ததை அவை பேசுவதில்லை. குறுவை அறுவடை எப்போதும் மழையின் விளிம்பில் நிகழ்வது. முன்பு ஒருபோக நிலமாக இருந்தவை இருபோகமாக மாறியதாலும், மாவுக்குக் கிடைக்கும் நெல் மிகுந்ததாலும், ஒரே சமயத்தில் களத்துக்கு வரும் ஈரநெல்லின் அளவு பெருகியது. காயவைக்கும் இடம் பெருகவில்லை. வெயிலையும் சாலையையும் நம்பிய பழைய முறை பழைய அளவுக்கே போதுமானதாக இருந்தது. 1967ஆம் ஆண்டு குறுவை அறுவடையின்போது பருவமழை முன்கூட்டியே பெய்து, ஈரநெல் களத்திலேயே கெட்டு உழவர்க்குப் பேரிழப்பு ஏற்பட்டது.

விதைப்பதைப் பற்றித் துல்லியமாகப் பேசிய அமைப்பு உலர்த்துவதைப் பற்றிப் பேச அணியமாக இல்லை. ஆய்வு நிலையத்தின் கணக்கு அறுவடையோடு முடிவுறுவது. விளைச்சல் எடையிடப்பட்டவுடன் சோதனை நிறைவுபெறுகிறது. உழவரின் கணக்கு நெல் விலையாகும்வரை நீள்கிறது. ஆய்வாளர் எங்கே நிறுத்திக்கொண்டாரோ அங்கேயே ஊடகமும் நிறுத்திக்கொண்டது. இது வானொலியின் குற்றமன்று. தனக்குத் தரப்பட்ட ஆய்வின் எல்லையை அது தன் செய்தியின் எல்லையாகக் கொண்டது. ஆனால் பெயர் அதற்கே வந்திருந்தமையால் பழியும் அதற்கு வருதல் இயல்பு.

இழப்பின் எதிரொலி ஓர் ஆய்வகமாக மாறியது. திருவாரூரில் தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனைக் கூட்டிணையத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஈரநெல்லைக் கையாளும் முறைகளை ஆராயச் சிறு ஆய்வகமொன்று அமைக்கப்பட்டது. 1972இல் அது நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. பின்னர் பயிர்ப் பதன நிறுவனமாகவும் உணவுப் பதன நிறுவனமாகவும் பெயரும் பரப்பும் மாறி, இன்று தஞ்சாவூரில் தேசிய முதன்மை பெற்ற நிறுவனமாக இயங்குகிறது. செய்தி ஒருவழியாகவே சென்றது என்று கூறுவோர் இவ்வாய்வகத்தின் தோற்றத்தை நினைவிற் கொள்ளுதல் தகும். வயலின் குரல் ஆய்வு நிலையத்தைச் சென்றடைந்தது. ஆனால் அது வானொலி வழியாகச் செல்லவில்லை. கெட்டுப்போன நெல் வழியாகச் சென்றது.

ஒலிபரப்பாகாதவை

'பசுமைப் புரட்சி' என்னும் தொடரை அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையின் தலைவர் வில்லியம் காட் 1968 மார்ச் 8 அன்று ஆற்றிய உரையில் முதன்முதலாகப் பயன்படுத்தினார். செய்தித்தாள்கள் அதனை உடனே பற்றிக்கொண்டன. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் தலித் வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. அறுவடைக் கூலியை உயர்த்தக் கோரியதும், வெளியூர் ஆட்களை இறக்குவதை எதிர்த்ததும், சங்கமாக நின்றதும் அப்பூசலின் பின்னணி.

கூலிப் பூசல் படுகைக்குப் புதிதன்று. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே அதற்குச் சான்று. ஆயினும் இருபோகமும் மிகுவிளைச்சலும் வந்தபின் பங்கு பற்றிய கேள்வி கூர்மையடைந்தது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவு 1969இல் தயாரித்த அறிக்கையும், 1971இல் வெளிவந்த ஃபிரான்சின் ஃபிராங்கெலின் நூலும் இத்தொடர்பை எடுத்துக்காட்டின. ஆய்வாளர் அறிந்திருந்தனர். ஆனால் வேளாண் ஒலிபரப்பில் கேட்கப்பட்ட 'உழவர்' யார் என்பதை இங்கே வினவ வேண்டும். விதை வாங்கவும் உரம் வாங்கவும் கடன் பெறவும் தகுதியுடையவரே அதில் விளிக்கப்பட்டார். நாற்றுப் பறித்தவரும் நட்டவரும் அறுத்தவரும் அவ்வொலிபெருக்கியின் கீழ் நின்று கேட்டிருக்கலாம்; அவர்களை நோக்கி அது பேசவில்லை. அரசின் கையில் இருந்த வானொலி கூலியைப் பற்றிப் பேசியிருக்க இயலாது என்பது உண்மை. வானொலியைத் தன்னாட்சி அமைப்பாக்கும்படி சந்தா குழு 1966இலேயே பரிந்துரைத்தும் அது நடைபெறவில்லை.

சமூக ஆய்வாளரின் நிலை வேறு வகையில் சிக்கலானது. கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் 'கும்பாபேட்டை'யிலும், ஆந்த்ரே பெத்தேய் 1961–62இல் 'ஸ்ரீபுர'த்திலும் களப்பணி ஆற்றினர். இரண்டும் புனைபெயர்கள். ஊர்மக்களுக்குத் தீங்கு நேராதிருக்க ஊர்ப்பெயரை மறைப்பது ஆய்வறம். செய்தியின் அறமோ ஊர்ப்பெயரைச் சொல்வதில் உள்ளது. கீழ்வெண்மணி புனைபெயரில் எழுதப்பட்டிருந்தால் அது நிகழாததற்கு ஒப்பாகியிருக்கும். தஞ்சையின் நிலவுடைமை, சாதி, கூலி பற்றிய மிக நுட்பமான அறிவு இவ்வாறு பெயரற்ற ஊர்களில் தங்கிவிட்டது. பெயருள்ள ஊர் எரிந்தபோது செய்தியாளரின் கையில் அவ்வறிவு இல்லை.

இவ்விரண்டு அறங்களுக்கும் இடையே நின்று எழுதியவர் மைதிலி சிவராமன். தொழிற்சங்கப் பணியாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய அவர் நிகழ்விடத்துக்குச் சென்று, உயிர் பிழைத்தோரிடம் கேட்டறிந்து, கூலிக் கணக்கையும் நிலக் கணக்கையும் சேர்த்து எழுதினார். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தபோது, அத்தீர்ப்பின் தருக்கத்தை ஆராய்ந்து 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படை ஆவணமாக உள்ளது. அவ்விதழ் ஆய்விதழும் செய்தியிதழும் ஒருங்கே ஆனது என்பது தற்செயலன்று. அரசு ஊடகம் பேசாத ஒன்றை ஆய்வின் ஒழுங்கோடும் செய்தியின் விரைவோடும் பேச அத்தகைய ஓர் இடம் தேவைப்பட்டது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. ஊராட்சித் திண்ணையில் அது கேட்கவில்லை.

ஈரப்பதம் என்னும் செய்தி

ஏ.டி.டி. 27இன் இடத்தைப் பிற இரகங்கள் பிடித்துக்கொண்டன. ஏ.டி.டி. 36 (1980), ஏ.டி.டி. 43 (1998) ஆகியன குறுவையில் வலம்வந்தன. அதே இண்டிகா–ஜப்பானிகா திட்டத்தில் பிறந்து மலேசியா சென்ற மாசூரி, தமிழகம் திரும்பிப் 'பொன்னி' என்னும் பெயர் பெற்றது. 1986இல் வெள்ளைப் பொன்னி வெளியிடப்பட்டது. ஒரே திட்டத்தின் இரு பிள்ளைகளில் ஒன்றுக்கு ஆற்றின் பெயரும் மற்றொன்றுக்கு வானொலியின் பெயரும் வாய்த்தன. ஆற்றின் பெயர் பெற்றது இன்றும் கடைகளில் விற்கிறது.

குறுவை அறுவடையின் ஈரம் மட்டும் மாறவில்லை. கொள்முதலுக்கு 17 விழுக்காடு ஈரப்பதம் என்பது நடுவண் அரசின் வரம்பு. அக்டோபர் மழையில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன் மூட்டைகள் நனையத் தொடங்கியதும், வரம்பை 22 விழுக்காடாகத் தளர்த்தக் கோரிக்கை எழும். நடுவண் அரசின் தர ஆய்வுக் குழு படுகைக்கு வரும். மாதிரி நெல் ஆய்வகத்திற்குச் செல்லும். முளைத்த நெல்லைக் கையில் அள்ளிக் காட்டும் உழவரின் படம் தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்திலிருந்து முதற்பக்கத்துக்கு நகரும். ஈரப்பதமானியின் எண் அந்நாள்களில் செய்தியாளர், அதிகாரி, உழவர் மூவரும் ஒருங்கே அறிந்த எண்ணாக இருக்கிறது. அவ்வெண் எப்படி அளக்கப்படுகிறது, மூட்டையின் எப்பகுதியிலிருந்து மாதிரி எடுக்கப்படுகிறது, 17க்கும் 22க்கும் இடைப்பட்ட நெல் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பவற்றை விளக்கத் தக்கவர்கள் புதுக்கோட்டைச் சாலையில், 1967இன் நனைந்த நெல்லிலிருந்து தோன்றிய அந்நிறுவனத்திலேயே இருக்கின்றனர். அவர்களது விளக்கம் நாளிதழில் வரும் நாள், பெரும்பாலும் மழை விட்ட பிறகு.